மூன்று ஓட்டை, இரண்டு கம்பி
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி "அன்புள்ள அண்ணாச்சி" என்று தொடங்குகின்றன. கணினிப் பக்கம் எழுதுகிறவருக்கு மீசை இருக்கும் என்று யார் சொன்னது? பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் பெண் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். டீச்சர் என்று எழுதினால் போதும். வயதைக் கணக்குப் பார்த்து ஆச்சி என்றாலும் கோபமில்லை.

என் மேஜைக் கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீர் என்கிறது. கடையில் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கெட்டுவிட்டது என்று புதிது மாட்டினார்கள். அதன் பிறகும் அதே சுரீர். இப்போது முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா டீச்சர்?
— வாசகர், வீரவநல்லூர்

மாற்றாதீர்கள். பெட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் சுவரைப் பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன். செருப்புப் போட்டிருக்கும்போது இந்தச் சுரீர் இல்லை, வீடு கழுவிவிட்ட ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போதுதான் இருக்கிறது, சரிதானே? பக்கத்து ஊர் பத்தமடையிலிருந்து ஒரு பாய் வாங்கி நாற்காலிக்கு அடியில் விரித்தால் சுரீர் மறைந்துவிடும். நோய் மறையாது. (சோதித்துப் பார்க்கிறேன் என்று மறுபடி தொட வேண்டாம். நான் சொல்வதை நம்புங்கள்.)

எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள், மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய மின்தேக்கிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று, மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில். இன்னொன்று, மின்சாரம் திரும்பும் நியூட்ரல் கம்பிக்கும் அதே உடம்புக்கும் நடுவில். எர்த், அதாவது மண்ணோடு இணைக்கும் கம்பி, ஒழுங்காக இருந்தால், இவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரும்பு உடம்பு இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவு அதில் நிற்கும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சுரீரோடு போகிறது. ஆக, உங்கள் பழைய எஸ்.எம்.பி.எஸ். செய்ததும் அதன் வேலையைத்தான், புதியது செய்வதும் அதைத்தான். எர்த் இல்லாத வீட்டில் எந்த எஸ்.எம்.பி.எஸ். போட்டாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் சுரீர்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு உள்ளே உண்மையாகவே ஒரு கம்பி அறுந்து இரும்பைத் தொட்டால், அந்த மின்சாரத்துக்கு வழி உங்கள் உடம்பு மட்டும்தான்.

எர்த் எங்கே விட்டுப்போயிருக்கும்? என் கதையைக் கேளுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவுக்குப் போனவள், ரத வீதிக் கடையொன்றில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினேன். தேர் பார்த்த சந்தோஷத்தில் பேரம்கூடப் பேசவில்லை. மறுநாள் மானிட்டரின் இரும்புக் கால் சுரீர் என்றது. ஒரு வாரம் நான் கணினியைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன். கேபினெட், கேபிள், சாக்கெட் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றினேன். வெளியே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டு கம்பி. எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். 31 ஆண்டுகள் எர்த் பற்றிப் பாடம் நடத்தியவள் நான்!

எனவே முதலில் எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்துவிட்டு நேரே சுவர்ச் சாக்கெட்டில் போடுங்கள். பிளக்கின் மூன்றாவது முள்ளை யாராவது ஒடித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மற்ற இரண்டைவிட அது நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது, முதலில் சேரவும் கடைசியில் பிரியவும்தான். அதுவும் சரி என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டு இறக்கிய குழாய்க்கு ஆயுள் உண்டு. ஈரத்தைப் பிடித்து வைக்கிற அதே உப்புதான் குழாயைத் துருப்பிடிக்கவும் வைக்கிறது. குழியில் ஈரம் இருந்தால்தான் எர்த் வேலை செய்யும். அக்னி நட்சத்திரத்தில் செடிக்கு ஊற்றும் குடத்தில் பாதியை அங்கேயும் ஊற்ற வேண்டும்.

எலக்ட்ரீஷியன் ஒருவேளை, "குழியெல்லாம் எதற்கு, சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறேன்" என்பார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சுரீர் நிற்கும், உண்மைதான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், உங்கள் கணினியின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

தினமும் கணினியைத் திறந்தால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. வங்கி இணையதளம் "பாதுகாப்பானது அல்ல" என்கிறது. வைரஸா?
— வாசகி, களக்காடு

வைரஸ் இல்லை. மதர்போர்டில் சின்ன நாணயம் போல ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேளுங்கள், 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அளவு அதன் பெயரிலேயே இருக்கிறது. இணையதளங்கள் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி 2009-இல் உட்கார்ந்திருக்கிறது. இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை நீட்டினால் யார்தான் நம்புவார்கள்?

இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் வீடுகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீரும். அதற்காக அணைக்காமல் இருக்க வேண்டாம், இடி மின்னல் காலத்தில் அணைப்பதே நல்லது. கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தை கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

என் தகப்பனார் 2000-ஆம் ஆண்டு வாக்கில் எங்கள் குடும்பக் கதையை 140 பக்கம் தட்டச்சு செய்து வைத்துவிட்டுக் காலமானார். இப்போது கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா? அழித்துவிடலாம் என்கிறான் என் மகன்.
— வாசகர், சேரன்மகாதேவி

உங்கள் மகனை அந்தக் கணினிப் பக்கமே விடாதீர்கள். ஓர் எழுத்துகூடக் கெடவில்லை.

உங்கள் தகப்பனார் தட்டச்சு நிலையத்தில் தமிழ்த் தட்டச்சு வரிசையான "யளனகப" படித்தவராக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கென்று இருந்த அறைகளில் தமிழ் உருவங்களைக் குடிவைத்தார்கள். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஜே இருக்கும் அறையில் 'த' இருக்கும், கே அறையில் 'ம', பி அறையில் இகரக் கொக்கி, ஓ அறையில் 'ழ', அரைப்புள்ளி அறையில் மெய்யின் புள்ளி. அவர் 'தமிழ்' என்று தட்டியபோது கோப்பில் பதிந்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி கணினியில் இருக்கிற வரை அது தமிழாகத் தெரிந்தது. எழுத்துரு இல்லாத இன்றைய கணினி உள்ளதை உள்ளபடியே காட்டுகிறது. உங்கள் கோப்பில் அப்படி ஜே, கே, பி, ஓ வரிசை அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பாமினிதான்.

பாமினியை ஒருங்குறியாக, அதாவது யூனிகோடாக மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மூலக் கோப்பை முதலில் இரண்டு படிகள் எடுத்து வையுங்கள், பிறகு பத்துப் பத்துப் பக்கமாக மாற்றுங்கள். 140 பக்கத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, எங்கே பிழை என்று தேட வேண்டாம். பிழை வரும். பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முதலில் தட்டிவிட்டு எழுத்தைத் தட்டுவார்கள். ஒருங்குறியில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. கருவி இதைத் திருப்பிப் போடும்போது சில இடங்களில் இடறும். சில பழைய தட்டச்சாளர்கள் துணைக்காலையும் 'ர' எழுத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தட்டியிருப்பார்கள், தாளில் வித்தியாசம் தெரியாது என்பதால். மாற்றிய பிறகு அது பளிச்சென்று தெரியும்.

எனவே யாராவது உட்கார்ந்து முழுவதையும் படித்தாக வேண்டும். அந்த வேலையை உங்கள் மகனிடமே கொடுங்கள். தாத்தா என்ன எழுதியிருக்கிறார் என்று அவனுக்கும் தெரியட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் மூழ்கிவிட்டது. அரிசி டப்பாவில் ஒரு மாதம் வைத்தேன். பயந்து இன்றுவரை மின்சாரம் கொடுக்கவில்லை. இப்போது போட்டுப் பார்க்கலாமா?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

அந்தப் பயம்தான் உங்கள் படங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. போடாதீர்கள்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. சிந்துபூந்துறையில் என் தங்கை வீட்டில் தாமிரபரணி ஜன்னல் வரை வந்தது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் தங்கை வீட்டுக்காரர், "ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று டிஸ்க்கைச் செருகிவிட்டார். டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம். மகள் கல்யாணப் படங்கள் அதோடு போயின. இப்போது இருப்பவை, சொந்தக்காரர்களின் கைபேசிகளிலிருந்து கெஞ்சி வாங்கிய மங்கல் படங்கள்தான். அவற்றில் பாதியில் பந்தி மட்டுமே இருக்கிறது.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும், "மூடாதே" என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான துளை, பின்னால் ஒரு வடிகட்டி. வெள்ளத்தில் கிடந்தால் அதன் வழியே நீர் இறங்கும். நீர் உலரும், வண்டல் தங்கும். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஆற்று மணல் ஒரு துகள் கிடந்தாலும் பாறாங்கல்தான்.

அரிசியால் ஒரு பயனும் இல்லை, தவிடு உள்ளே போகாமல் இருந்தால் அதுவே லாபம். நனைந்த உடனே என்றால், ஈரமாகவே பையில் போட்டுக் கட்டி அனுப்பச் சொல்வார்கள், சேறு காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. உங்களுடையது காய்ந்தாகிவிட்டது. தரவு மீட்பு ஆய்வகங்கள் பெரு நகரங்களில் இருக்கின்றன. தூசியில்லாத அறை இருக்கிறதா என்று கேளுங்கள். எடுக்க முடிந்த கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகே பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். செலவு டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு ஆகும். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீடு ரேழி, கூடம், அடுக்களை என்று நீளமான பழைய வீடு. வைஃபை கூடத்தைத் தாண்டுவதில்லை.
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன்: ரேழியில், இரும்புப் பீரோவுக்குப் பின்னால். எடுத்துக் கூடத்தின் நடுவில் ஆளுயரத்தில் வையுங்கள், அடுக்களைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துங்கள். இரண்டடிச் சுண்ணாம்புச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டுவது கடினம்.

2012-இல் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த விலையில்லா மடிக்கணினி பரணில் இருக்கிறது. 2 ஜி.பி. ரேம். என் தங்கைக்குக் கொடுக்கலாமா? விண்டோஸ் 11 ஏறுமா?
— வாசகி, ராதாபுரம்

ஏறாது. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 4 ஜி.பி. ரேம், அதோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் எடை குறைந்த வகைகள் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுங்கள், இடமிருந்தால் ரேமைக் கூட்டுங்கள். தட்டச்சு, கணக்கு, பாட்டு, படிப்புக்கான பி.டி.எஃப். எல்லாம் நடக்கும். பத்து இணையப் பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். அதைத் தங்கையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழி உங்கள் மேல் வரும்.

ஒரு எச்சரிக்கை. பரணிலிருந்து இறக்கியதும் சார்ஜரைச் செருகாதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினியின் டச்பேட் மெல்ல மேலெழுந்தபோது, வெயிலுக்குப் பிளாஸ்டிக் வளைகிறது என்று நினைத்தேன். அடியில் பேட்டரி பணியாரம் போல உப்பியிருந்தது. உப்பியதை அமுக்கவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால், அது இல்லாமலே சார்ஜரோடு ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும், அடிக்கடி சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் எத்தனை கணினி இருக்கிறது? வீட்டில் திட்ட மாட்டார்களா?
— வாசகி, திசையன்விளை

ஓடுவது மூன்று. ஓடாதவை மச்சில் இருக்கின்றன, எண்ணிக்கை வேண்டாம். முதலாவது 1999-இல் வருங்கால வைப்பு நிதியில் கடன் போட்டு வாங்கியது. விண்டோஸ் 98, 32 எம்.பி. ரேம். இன்றைக்குக் கைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதன் 1.44 எம்.பி. பிளாப்பியில் ஏறாது. ஆனாலும் வாரம் ஒருமுறை துடைத்து, மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

திட்டெல்லாம் இல்லை. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து இருமுவார், அவ்வளவுதான். போன மாதம் நான் வெளியே போயிருந்த நேரம் இருமலோடு நிற்காமல், ஒரு சாக்கு நிறைய கம்பிகளையும் அடாப்டர்களையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். தெருமுனையில் வழிமறித்து, என் சாக்கை நானே 60 ரூபாய்க்கு விலைக்கு வாங்கி வந்தேன். பிரித்துப் பார்த்தால் அடியில் அவருடைய சவர இயந்திரத்தின் சார்ஜரும் இருந்தது. மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தை அவர் படிப்பதில்லை.