டிவிஆர் போகல, மொதல்ல ஒயர் முனையப் பாருங்க

கேள்வி: தம்பி, நாங்க மண்டபத்துல வடகடல் பக்கம் இருக்கோம். வீட்டுக்கும் வலை, என்ஜின் வைக்கிற கொட்டகைக்கும் சேத்து நாலு கேமரா போட்டிருக்கு. மகன் துபாய்ல இருக்கான், தினமும் ராத்திரி போன்ல பாத்துட்டுத்தான் தூங்குவான். பத்து நாளா அவனுக்கு ஆஃப்லைன்னு காட்டுதாம், ஆனா வீட்டு டிவில படம் நல்லா ஓடுது. அதே சமயத்துலதான் நெட்காரங்க வந்து பழைய பாக்ஸ எடுத்துட்டு புதுசு மாட்டிட்டுப் போனாங்க. கேமரா பாக்க வந்தவரு, படத்தப் பதியுற அந்த டிவிஆர் பொட்டியே போச்சு, புதுசு வாங்குங்கன்றாரு. மீன்பிடி தடைக்காலம் வேற, கையில காசு ஓட்டமில்ல. வாங்கித்தான் ஆகணுமா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: வேணாம்க்கா, இப்ப வாங்காதீங்க. டிவில படம் வருதுன்னா டிவிஆர் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். கேமராவுலேர்ந்து டிவிஆருக்கு வர்றது தனி ஒயரு, அதுக்கு நெட்டே தேவையில்ல, அதனால இந்தப் பத்து நாளும் ரெக்கார்டு ஆகிட்டுத்தான் இருந்திருக்கும். ஒரு நிம்மதிக்கு மெனுல பிளேபேக் போயி நேத்து தேதிய போட்டுப் பாருங்க. மகன்கிட்டயும் மொதல்ல இதச் சொல்லிருங்க, பாவம் அங்கேர்ந்து தவிச்சுக்கிட்டு இருப்பாரு.

இப்ப டிவிஆருக்குப் பின்னாடி போங்க. ரூட்டர்லேர்ந்து, அதான் நெட்காரங்க மாட்டுன பாக்ஸ்லேர்ந்து வர்ற லேன் கேபிள் சொருகியிருக்குற எடத்துல சின்ன லைட்டு எரியுதா, மினுக்குதா? சில மாடல்ல முன்னாடி இருக்கும். டிவிஆர்ல எங்கயுமே லைட்டக் காணோம்னா ரூட்டர் பக்கம் அதே கேபிள் சொருகுன ஓட்டைக்குப் பக்கத்துல பாருங்க. எரியலன்னா ஒயர்ல கோளாறு, எரிஞ்சா டிவிஆரோட நெட் நம்பர்ல கோளாறு, அது என்னன்னு பின்னாடி சொல்றேன், பாதி வேலை இதுலயே முடிஞ்சுரும்.

ஒயர் விஷயத்த கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா நம்ம கடக்கரையில இதுதான் அதிகம். பாம்பன்ல ஒரு வீட்ல இதே மாதிரி போச்சுன்னு கூப்புட்டாங்க, நான் போயி அந்த பிளக்க உருவி வெளிச்சத்துல காட்டுனேன், உள்ள எட்டு பின்னுல மூணு மேல செம்புப் பாத்திரத்துல ஏறுமே களிம்பு, அப்படியே பச்சையா பூத்துக் கெடந்துச்சு. உப்புக்காத்துதான். பின்னுக்கு மேல தங்க முலாம் ரொம்ப லேசா இருக்கும், அது தேஞ்ச எடத்துல ஈரமும் உப்பும் உள்ள புகுந்துரும். போதாததுக்கு அந்த பிளாஸ்டிக் நாக்கு வெயில்ல காஞ்சு முறுகிப்போயிருக்கும், புது பாக்ஸ் மாட்டுறப்ப ஒருதடவ இழுத்தாலே ஒடிஞ்சுரும், அப்புறம் பிளக்கு சொருகுன மாதிரி இருக்கும் ஆனா கடிச்சு நிக்காது. உங்க வீட்லயும் அதப் பாருங்க, சொருகுறப்ப ‘டிக்’னு சத்தம் வரணும். களிம்பு இருந்தா தொடச்சுட்டு ஓட்டாதீங்க, ரெண்டு வெரக்கட அளவு நறுக்கிட்டு புது பிளக்கு அடிக்கச் சொல்லுங்க, ரெண்டு முனையும். மொத்தத்துல கேபிளே மாத்துறதா இருந்தா முழுச் செம்புக் கம்பிதானான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்து மேல செம்பு பூசுன கேபிளு வெல கம்மி ஆனா கடக்கரையில சீக்கிரம் பொடிஞ்சு போயிரும்.

ஆனா உங்க கதையில எனக்கு நம்பர் மேலதான் சந்தேகம், பாக்ஸ் மாத்துன அன்னைக்கே போயிருக்குல்ல. டிவிஆருக்கு வீட்டு நெட்டுக்குள்ள ஒரு கதவு நம்பர் இருக்கும், அதுதான் ஐபி அட்ரஸ். பழைய ரூட்டர் 192.168.1ன்னு ஆரம்பிக்கிற தெருவா இருந்திருக்கும், புதுசு 192.168.29 இல்லன்னா 192.168.0ன்னு வேற தெருவா இருக்கும், டிவிஆர் இன்னும் பழைய தெரு விலாசத்தையே வச்சுக்கிட்டு வெளிய போக வழி தெரியாம நிக்குது. மெனுல நெட்வொர்க் பக்கம் போயி டிஎச்சிபின்னு ஒண்ணு இருக்கும், ரூட்டரே டிவிஆருக்கு நம்பர் குடுக்குற வசதி அது, அத ஆன் பண்ணி சேவ் பண்ணுங்க. அப்புறம் ரூட்டர அணைச்சுப் போட்டு மூணு நிமிசம் கழிச்சு டிவிஆர அணைச்சுப் போடுங்க, இந்த வரிசை முக்கியம். திரும்ப அதே பக்கம் வந்து பாத்தா நம்பரும், கேட்வேன்னு இருக்குற ரூட்டரோட நம்பரும் புதுசா வந்திருக்கணும். வந்தும் ஆஃப்லைன்னா டிஎன்எஸ், அதாவது இன்டர்நெட்ல பேர வச்சு விலாசம் தேடித் தர்ற எடத்துல 8.8.8.8ன்னு போட்டுப் பாருங்க.

யாராவது ஃபேக்டரி ரீசெட் அடிப்போம், ஹார்டு டிஸ்க ஃபார்மேட் பண்ணுவோம்னா விடாதீங்க, ஃபார்மேட் பண்ணா பதிவு எல்லாம் போயிரும். வெளியிலேர்ந்து டிவிஆருக்கு நேரா வர ரூட்டர்ல வழி, அதான் போர்ட், தொறந்து விடுறேன்னாலும் வேணாம்னுருங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸு, கம்பெனி பாஸ்வேர்ட மாத்தாம இன்டர்நெட்டுக்கு தொறந்து கெடந்த டிவிஆர், கேமராவையெல்லாம் லட்சக்கணக்குல புடிச்சு அமெரிக்காவுல பெரிய பெரிய வெப்சைட்டையே முடக்குச்சு. மகன் பாக்குறது ஆப்ல கியூஆர் ஸ்கேன் பண்ணிச் சேத்ததுன்னா அதுக்கு போர்ட் தொறக்கவே தேவையில்ல. பாஸ்வேர்டு இன்னும் 12345ன்னு இருந்தா இன்னைக்கே மாத்துங்க.

புதுக் கேபிள் போட்டும் லைட்டு எரியலன்னா ரூட்டர்ல வேற ஓட்டையில சொருகிப் பாருங்க, அப்பவும் இல்லன்னா டிவிஆர்ல கேபிள் சொருகுற லேன் ஓட்டையே போயிருக்கலாம், வாடை மழையில இடி எறங்குனா அப்படி ஆகும். அப்பக்கூட வீட்டுப் பதிவு நிக்காது, அதனால ஜூன் 14 தாண்டி தடை முடிஞ்சு கடலுக்குப் போய்வந்து காசு பொரண்டதும் பாத்துக்கலாம்.

கேள்வி: கரண்டு போய் வந்தாலே டிவிஆர்ல தேதி ஏதோ பழைய வருஷத்துக்குப் போயிருது. என்ன பண்ண?
- ஒரு வாசகர், தொண்டி

பதில்: அண்ணே, உள்ள கடிகாரத்துக்குன்னு ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர் 2032, அது தீந்துருச்சு. கடையில குடுத்து மாத்திருங்க, நீங்களா பிரிக்கிறதா இருந்தா பிளக்க புடுங்கிட்டு பிரிங்க. கூடவே மெனுல என்டிபிய ஆன் பண்ணி டைம்சோன 5.30ன்னு வச்சா நெட்டுலேர்ந்து அதுவே மணி எடுத்துக்கும். இத தள்ளிப்போடாதீங்கண்ணே, திருட்டு கிருட்டுன்னு ஸ்டேஷனுக்குப் பதிவ எடுத்துட்டுப் போறப்ப தேதி தப்பா இருந்தா எந்த ராத்திரின்னு காட்டவே பெரும்பாடாயிரும்.