இரண்டு சீட்டு

அன்புள்ள ஐயா,
குரோம்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவமனை வாசலில் காலையிலேயே கூட்டம். நிரூபிக்காத வைத்தியத்துக்கு அரசுப் பணம் எதற்கு? இங்கிலாந்தில் ஹோமியோபதியை எழுதிக்கொடுக்க வேண்டாமென்று 2017-லேயே அரசு மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். படிக்காத ஜனங்களின் நம்பிக்கைக்கு நம் வரியா?
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

‘படிக்காத ஜனங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை அடியுங்கள். முட்டிவலியோடு பஸ் ஏறி வருகிறவர்கள் அவர்கள். அந்த முட்டியைத் தொட்டுப் பார்க்க ஒரு டாக்டர் இருக்கிறார் என்றுதான் வருகிறார்கள். ஹோமியோபதி விவகாரம் வேறு, அதை இங்கே இழுக்காதீர்கள்.

நிரூபணம் கேட்பது நியாயம். சர்ப்பகந்தா வேர் நம் வைத்தியர்களுக்குப் பழையது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1949-ல் எழுதிய பிறகுதான் மேல்நாட்டு டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சோதனைக்கு அரசு தாராளமாகச் செலவழிக்கட்டும்.

என்னைக் கொஞ்ச நாளாக உறுத்துவது வேறு. என் அம்மாவுக்குக் கொதிப்பு. ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகம் போகவைத்துக் கொதிப்பைக் குறைக்கிற மாத்திரை, வாங்கிச் சாப்பிட்டுவந்தாள். வறட்டு இருமல் வந்தது. அதே கட்டடத்தில் சித்தா பிரிவுக்குப் போனாள், அதிமதுரச் சூரணம் கொடுத்தார்கள். வேளை தவறாமல் இரண்டையும் சாப்பிட்டாள். ஒருநாள் கால் துவண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்தத்தில் பொட்டாசியம், தசைகள் வேலை செய்யத் தேவையான உப்பு, இறங்கிப்போயிருந்தது. அவள் சாப்பிட்ட நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும். அதிமதுரமும் வெளியேற்றும், கூடவே கொதிப்பையும் ஏற்றும். இது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் இரண்டு ஓ.பி. சீட்டு! இந்த அறையில் எழுதியது அந்த அறைக்குத் தெரியாது. நடுவில் ஒரு வராந்தா, அவ்வளவுதான். இரண்டுக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே அரசாங்கம்.

“ஏம்மா சொல்லல?” என்று அவளைத்தான் அதட்டினார்கள். எப்படிச் சொல்வாள்? நாட்டு மருந்து என்று வாயெடுத்தாலே திட்டு விழும் என்று பயம். உங்கள் கடிதத்தில் இருக்கிறதே ஒரு தொனி, அந்தப் பயத்தைக் கொடுத்தது அதுதான் கார்த்திக்.

பணம் கொடுக்கட்டும். ஆனால் நோயாளிக்கு ஒரே சீட்டு, சூரணத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும், இரண்டு டாக்டரும் அதைப் படித்தாக வேண்டும். இதைச் செய்யாமல் எத்தனை கோடி ஒதுக்கினாலும் நான் ஒப்பமாட்டேன்.

உங்கள் கடைக்குக் கொதிப்பு மாத்திரை வாங்க வருகிற பெரியவர்களிடம் வேறென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? நாளைக்குக் கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள்.