முதியோரைப் பராமரிப்போரும் அவர்களின் அரசியலும்: வன்னியில் ஆய்வு செய்வோருக்கான கேள்வி பதில்

இலங்கையின் வட பகுதியான வன்னியில் முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலை செய்வோரின் அரசியல் கருத்துகளையும், அவர்களுக்காகப் பேசுவோர் யார் என்பதையும் ஆராய முனைந்திருக்கும் சிலர் அனுப்பிய கேள்விகள் இவை. தொழிலாளர் தொடர்பான கள ஆய்வில் நெடுநாள் அலைந்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

கேள்வி (மாணவி, வவுனியா): அக்கா, எந்தக் கட்சியை ஆதரிக்கிறீர்கள் என்று வினாக்கொத்தில் கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் "எங்களுக்கு அரசியல் தெரியாது" என்றே சொல்கிறார்கள். இதை அரசியலில் அக்கறை இல்லாமை என்று எழுதலாமா?

பதில்: அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள் தங்கச்சி. இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு வீட்டின் விறாந்தையில், வீட்டுக்கார அம்மா பக்கத்தில் இருக்க, அங்கே தங்கி ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேள்விகளை வாசித்தேன். அவர் கஞ்சி கொடுத்த கோப்பையைக் கழுவியபடியே எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றார். நான் புறப்பட்டபோது படலைவரை வந்தவர், ஐயாவின் கொடுப்பனவை எடுக்க அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் வரிசையில் இருத்தவேண்டியிருப்பதையும், நடக்க மாட்டாதவருக்கு வீட்டிலேயே கொடுக்க ஏன் ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை என்பதையும் கால்மணி நேரம் நின்று சொன்னார். அரசியல் தெரியாதவர் பேசும் பேச்சா அது? கட்சிப் பெயரில் தொடங்காமல், மருந்து, பேருந்து, விடுமுறை, சம்பள நாள் என்று தொடங்கி, இதை யாரிடம் போய்ச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். எவருடைய பெயரைச் சொல்கிறார், எவரையுமே சொல்லவில்லையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்களித்த சின்னத்தை மட்டும் ஒருபோதும் கேட்காதீர்கள்.

கேள்வி (ஆசிரியர், கிளிநொச்சி): ஆய்வுப் பரப்பாக வன்னி என்று போட்டால் போதுமா?

பதில்: போதாது. பேச்சு வழக்கில் கிளிநொச்சியும் வன்னிதான். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்தது. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய 3 நிர்வாக மாவட்டங்களே 6 ஆசனங்களைக் கொண்ட வன்னித் தேர்தல் மாவட்டம். பரந்தனில் இருப்பவரையும் மாங்குளத்தில் இருப்பவரையும் ஒரே பட்டியலில் போட்டு "உங்கள் எம்.பி. யார்" என்று கேட்டால், வரும் பதில்களை ஒன்றாகக் கூட்ட முடியாது.

கேள்வி (பராமரிப்பாளர், ஒட்டுசுட்டான்): அம்மா, நான் வவுனியாவில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறேன். என்னுடைய வாக்கு ஊரில் இருக்கிறது. தபாலில் போட முடியுமா?

பதில்: உங்களுக்கு முடியாது, மகள். தபால் மூல வாக்களிப்பு பெரும்பாலும் அரச உத்தியோகத்தருக்கும் தேர்தல் கடமையில் இருப்பவருக்கும் உரியது. பாராளுமன்றத் தேர்தல் என்றால், எழுத்தில் கேட்கும் ஊழியருக்குச் சம்பளத்தோடு குறைந்தது 4 மணித்தியால விடுப்புக் கொடுக்கவேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது; ஆனால் ஒட்டுசுட்டானுக்குப் போய்த் திரும்ப அந்த நேரம் பேருந்திலேயே கழிந்துவிடும். விடுப்புக் கிடைத்தாலும், படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்க அன்றைக்கு யார் நிற்பது என்ற கேள்வி இருக்கிறது. உங்கள் கேள்வியை ஆய்வாளர்களும் கவனிக்கவேண்டும்: வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே, படுத்துறங்கும் இடம் எங்கே என்ற இரண்டையும் தனித்தனியே கேட்காத வினாக்கொத்து, வாக்களிக்க முடியாமல் போனவரையும் வாக்களிக்க விரும்பாதவரையும் ஒன்றாக்கிவிடும்.

கேள்வி (பிரதேச சபை உறுப்பினர்): என் வட்டாரத்தில் இந்த வேலை செய்யும் பெண்கள் பலர். அவர்களின் சம்பளத்தைப் பற்றிச் சபையில் பேசினால் பயன் உண்டா?

பதில்: பேசுங்கள், குறிப்பேட்டிலாவது ஏறும். ஆனால் அதிகாரம் உங்கள் கையில் இல்லை. சம்பளமும் தொழிற் சட்டமும் கொழும்பில் தீர்மானிக்கப்படுபவை. ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்காக 8 வீதமும், முதலாளியின் பங்காக 12 வீதமும் சேரவேண்டும். அதே வேலையை ஒரு வீட்டில் செய்தால் அது வீட்டு வேலை, சட்டம் அவரை வெளியே நிறுத்திவிடும். சமூக சேவை மாகாணத்துக்குரிய விடயம் என்றாலும், 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு, கேள்வி கேட்பதற்கு அங்கே மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் என்று எவரும் இல்லை. முதியோருக்காவது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும், அதன் வழி தேசிய முதியோர் சபையும், ஊர்தோறும் முதியோர் சங்கங்களும் உள்ளன. அந்தச் சங்கக் கூட்டத்துக்கு முதியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதிரையில் இருத்திவிட்டு வெளியே மரத்தடியில் காத்திருப்பவர், எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் இல்லை. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டால் பெண் உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் கூலிக்குப் பராமரிப்பு வேலை செய்தவர்கள் என்று ஒருவர் தேடிப் பார்த்தாலே நல்லதோர் ஆய்வாகும்.

கேள்வி (பெயர் வேண்டாம்): தொழிற்சங்கம் அமைக்க எத்தனை பேர் தேவை?

பதில்: 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி 7 பேர் போதும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராகப் பிரிந்து கிடக்கும் அந்த 7 பேரும் ஒரே நாளில் லீவு எடுப்பதுதான் கடினம்.

கேள்வி (ஆய்வு உதவியாளர், மல்லாவி): ஒப்புதல் படிவத்தை நீட்டினால் பேச்சே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: 2009இல் போர் முடிந்த பிறகு இங்குள்ள சனம் எத்தனை படிவங்களுக்குப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கையெழுத்து என்றால் யாருக்குப் போகும் என்ற பயம் நியாயமானது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, வாய்மொழி ஒப்புதலைப் பயன்படுத்துங்கள். அறிக்கையிலும் கவனம் தேவை: துணுக்காயில் ஓர் இல்லத்தில் வேலை செய்யும் 52 வயதுப் பெண் என்று எழுதினால், பெயரை மறைத்தும் பயனில்லை, ஊர் முழுவதும் ஆளைக் கண்டுபிடித்துவிடும். வயதை 50க்கு மேல் என்றும் இடத்தை மாவட்டம் என்றும் போடுங்கள். சந்திப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பின், முதியவர் கண்ணயரும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டால், பாதி வசனத்தில் இருந்தாலும் கொப்பியை மூடிவிடுங்கள்.