எழுதுகிறவர் கதை, சினிமா, காமிக்ஸை ரசிப்பதா, பாடமாகப் படிப்பதா?

கேள்வி இது: "நானும் சிறுகதை எழுதுகிறேன். ஆனால் இப்போதெல்லாம் நாவலோ சினிமாவோ காமிக்ஸோ, எதை எடுத்தாலும் 'இதை எப்படிச் செய்தார்கள்' என்று மனசு நோண்ட ஆரம்பித்துவிடுகிறது. ரசிக்கவும் வேண்டும், கற்றுக்கொள்ளவும் வேண்டும். என்ன வழி?"

எனக்கு இது ஒரு முடிவெட்டும் கடையில் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லாதான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். நான் படித்தது தமிழ் மீடியம். மலையாளம் பேசுவேன், எழுத்து தெரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கடை பெஞ்சில் மலையாள மனோரமா வார இதழ் கிடக்கும். கையில் எடுக்கிறவர்கள் எல்லோரும் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். டோம்ஸ் வரைந்த 'போபனும் மோளியும்' படக்கதை அங்கேதான் வரும். இரண்டு வாண்டுகள், கேஸே வராத ஒரு வக்கீல் அப்பா, எங்கே பார்த்தாலும் கூடவே ஒரு குட்டி நாய். எழுத்து தெரியாததால் வசனத்தை நானே போட்டுக்கொள்வேன். அப்பா நீளமாக ஒரு பேச்சுப் பேசுவார், அம்மா அதைவிட நீளமாகத் திட்டுவார். ஒருநாள் கடைக்கார அண்ணன் கத்தியைத் தீட்டிக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டினார். நான் பத்து வரி வைத்திருந்த இடத்தில் இரண்டே சொல். மீதியை அந்த அம்மாவின் மூஞ்சியே சொல்லிவிட்டிருந்தது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

இந்தப் பக்கம் அது என்றால், பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாமா வரும்போது பழைய முத்து காமிக்ஸ் வரும். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் மறையாது. (எங்கள் ஊர் கரண்டை நம்பியிருந்தால் மாயாவி பாதி நாள் மறையவே முடிந்திருக்காது.) அப்போது அதை வாயைப் பிளந்து பார்த்ததோடு சரி. எழுத ஆரம்பித்த பிறகு அதே புத்தகத்தை மறுபடி எடுத்தபோதுதான் பிடிபட்டது. அந்தரத்தில் ஒரு கை தெரிகிறது. ஓவியர் வரைந்தது அவ்வளவுதான். வளைந்த முதுகு, அடக்கிய மூச்சு, நெற்றி வியர்வை, இதையெல்லாம் வரைந்தது நான். கையும் மறைந்திருந்தால் அது வெறும் கட்டம். ஆள் முழுதாகத் தெரிந்திருந்தால் யாரோ ஒருத்தர் நிற்கிறார், அவ்வளவுதான்.

படக்கதைக்காரர் சினிமா எடுக்க வந்தால் இந்தப் பழக்கம் கூடவே வருமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மலையாள இயக்குநர் அரவிந்தன் 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் கேலிச்சித்திரத் தொடர் வரைந்தவர். அவர் 1977இல் எடுத்த 'காஞ்சன சீதா' ராமாயணக் கதைதான், ஆனால் சீதையாக நடிக்க ஒருவரும் கிடையாது. காற்றும் இலையசைவும்தான் சீதை. பாலக்காட்டில் திரையிட்டபோது முதல் தடவை நான் தூங்கிவிட்டேன், மறைப்பானேன். இரண்டாவது தடவை பார்க்கும்போது மரம் அசைந்தாலே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என் நண்பர்கள் சண்டைக்கு வருவது 'மதிலுகள்' பற்றிச் சொல்லும்போதுதான். மலையாள எழுத்தாளர் பஷீரின் அந்தக் குறுநாவலைச் சுகுமாரன் தமிழில் 'மதில்கள்' என்று தந்திருக்கிறார், கட்டாயம் படியுங்கள். சிறை மதிலுக்கு இந்தப் பக்கம் கைதியாகப் பஷீரே, அந்தப் பக்கம் பெண்கள் சிறையில் நாராயணி. அவள் வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழும்பும் ஒரு காய்ந்த குச்சி. கடைசிவரை அவளை நாம் பார்ப்பதில்லை. அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக்கியபோதும் அவளைக் காட்டவில்லை, குரல் மட்டும்தான். ஆனால் அந்தக் குரல் மலையாள நடிகை கே.பி.ஏ.சி. லலிதாவுடையது. இங்கே யாருக்குத்தான் அந்தக் குரல் தெரியாது? கேட்டதுமே எனக்கு அவர் முகம் வந்துவிட்டது, மதிலில் பாதி அங்கேயே இடிந்துபோயிற்று. புத்தகத்தில் என் நாராயணிக்கு எங்கள் தெருவில் இருந்த ஒரு அக்காவின் குரல். படம் அதைப் பிடுங்கிக்கொண்டது. 'என்ன நடிப்பு, முகமே தேவைப்படவில்லையே' என்பான் நண்பன். நடிப்பில் குறை சொல்லவில்லை. எழுத்தில் இருப்பதைவிடப் படத்தில் வாசகனுக்கான காலியிடம் சின்னது, அதைத்தான் சொல்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் தடவை பேனா, நோட்டு எதுவும் வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். மனசு நோண்ட ஆரம்பித்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று அதைத் தட்டி உட்கார வையுங்கள். பிடித்திருந்தால் மட்டும் இரண்டாம் தடவை. பிடிக்காததைப் பிரித்துப்போட்டு என்ன ஆகப்போகிறது? அந்த இரண்டாம் தடவையிலும் நான் ஒன்றே ஒன்றைத்தான் தேடுவேன்: அவர்கள் காட்டாமலே நான் பார்த்தது எது? எழுதி வைப்பதும் அது ஒன்றைத்தான். பாத்திரப் படைப்பு, கதைக் கட்டமைப்பு என்று பத்துத் தலைப்பில் குறிப்பெடுத்துப் பார்த்திருக்கிறேன், பரீட்சைக்குப் படித்த மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டதாலேயே எழுத வந்துவிடவில்லை. அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரிகளைப் பற்றி என் முதல் கதை. கண் சிவப்பு, கள் வாசம், தடுமாறும் கால், அம்மாவின் கண்ணீர், ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். ஒரு சிற்றிதழில் இருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் 'எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே' என்று எழுதியிருந்தார்கள். ஒரு வாரம் கோபம். அப்புறம் மாயாவியின் கை ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரே உதையில் ஸ்டாண்டு விழுந்தால் நல்ல நாள். மூன்று உதை என்றால் நாங்கள் பாயில் அசையாமல் படுத்திருப்போம். கதையின் கடைசி ராத்திரியில் வெகுநேரம் சைக்கிள் நிற்கிற சத்தமே வராது. அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அச்சானதும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. முடித்தபோது அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அன்னிக்கு வாசல்லயே நின்னு அழுதுட்டிருந்தாரு. அது உனக்கு எப்பிடி சாமி தெரியும்?"

எனக்குத் தெரியாது.