ராயபுரம் லினக்ஸ் கூட்டத்தில் வந்த கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டினாலே ரீபூட் ஆகிறது, ஏன்?

பெரும்பாலும் கோளாறு போர்டில் இல்லை, சார்ஜரிலும் கேபிளிலும்தான். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் போர்டுக்கு வரும்போது வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கிவிடும். திரை மூலையில் மின்னல் குறி வருகிறதா பாருங்கள். லினக்ஸ் கெர்னல் பதிவுகளைக் காட்டும் dmesg கட்டளையிலும் 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' (வோல்டேஜ் குறைவு) என்று பதிவாகியிருக்கும்.

நாலு யூ.எஸ்.பி. போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒன்றே 1 ஆம்பியரை நெருங்கலாம். இரண்டு மாட்டினால் கேட்கவே வேண்டாம். தனி அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி. ஹப்பில் மாட்டுங்கள். சார்ஜரைப் பிடுங்கிய பிறகும் பை போர்டின் சிவப்பு விளக்கு எரிந்தால், ஹப் மின்சாரத்தைப் போர்டுக்குத் திருப்பி அனுப்புகிறது, அந்த ஹப் வேண்டாம்.

காசிமேடு பக்கம் உப்புக் காற்றில் பழைய கேபிள் முனை பச்சை பிடித்திருக்கும். அப்படியிருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.