பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2: புல்லை உரித்தெடுத்துக் கடினமாக்கிய மைதானம் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் வட கரோலினாவில் கோல்ஃப் மைதானப் புல் பராமரிப்பு வேலையில் எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இங்கே இருக்கும் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தில் 2014, 2024 இரண்டு யு.எஸ். ஓபனையும் (கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்று) கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன். பழைய மைதானங்களை இன்றைய ஆட்டக்காரர்களுக்கு ஈடுகொடுக்கும்படி எப்படித் திருத்துகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (கோவை): சார், நான் டிவியில் மட்டும் கோல்ஃப் பார்ப்பவன். நூறு வருஷம் நன்றாக இருந்த மைதானத்தை எதற்காகத் தோண்டுகிறார்கள்?

பந்து ரொம்பத் தூரம் போகிறது, அதனால்தான். அமெரிக்க பிஜிஏ டூரில் டிரைவர் என்ற நீள மட்டையால் அடிக்கும் முதல் அடியின் சராசரித் தூரம் 1980இல் 257 யார்டு. இப்போது ஏறக்குறைய 300. அந்தக் காலத்தில் 230 யார்டில் ஒரு பங்கர் வெட்டி வைத்தால் ஆட்டக்காரர் நின்று யோசிப்பார். இன்றைக்கு அந்த மணல் குழி இருப்பதே அவர் கண்ணில் படாது, பந்து தலைக்கு மேலே பறந்துவிடும். அடுத்த அடிக்கு நீள ஐயன் (தூரம் அடிக்கும் இரும்பு மட்டை) எடுத்த இடத்தில் வெட்ஜ் (கிட்டத்திலிருந்து தூக்கிப் போடும் மட்டை) போதும் என்றாகிவிட்டது. வெட்ஜில் பந்து உயரமாக ஏறி, விழுந்த இடத்திலேயே நிற்கும். பழைய மைதானத்தை வடிவமைத்தவர் கிரீனைச் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்பரப்பு) சுற்றி வைத்த அத்தனை தந்திரமும் வீண்.

கேள்வி (சிங்கப்பூர்): அப்படியானால் டீயை (முதல் அடி அடிக்கும் இடம்) பின்னால் தள்ளிவைத்தால் முடிந்ததே? அகஸ்டாவில் அதைத்தானே செய்கிறார்கள்?

ஆமாம், செய்கிறார்கள். டைகர் உட்ஸ் 1997இல் அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடி (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் ஜெயித்தபோது அகஸ்டா நேஷனலின் நீளம் 6,925 யார்டு. இன்றைக்கு 7,500ஐத் தாண்டிவிட்டது. 13ஆவது குழியின் டீயைப் பின்னால் கொண்டுபோகப் பக்கத்து கிளப்பிடமிருந்து நிலமே வாங்கினார்கள். 2023இல் 510 யார்டு 545 ஆனது. நிலமும் பணமும் இருப்பவர்களுக்கு அது முடியும்.

ஆனால் நீளம் மட்டும் ஆளை மடக்காது. 2013இல் யு.எஸ். ஓபன் நடந்த மெரியன் 7,000 யார்டுகூட இல்லை. ஜஸ்டின் ரோஸ் பாருக்கு (மைதானத்துக்கு நிர்ணயித்த அடிக் கணக்கு) ஒன்று அதிகமாக அடித்தே ஜெயித்தார். நாலு வருஷம் கழித்து எரின் ஹில்ஸ், 7,700 யார்டுக்கு மேல். புரூக்ஸ் கெப்கா பாருக்கு 16 குறைவாக முடித்தார். மழையும் காற்றும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் யார்டு கணக்கை மட்டும் நம்பி இறங்கக்கூடாது என்பதற்கு இந்த இரண்டும் எனக்குப் போதும். நீளம் கூடக் கூட, நீளமாக அடிப்பவருக்குத்தான் வசதி. குறைவான தூரம் அடித்து புத்தியால் ஆடுபவர் முதல் நாளே ஆட்டத்திலிருந்து வெளியே போய்விடுவார்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளப்பில் ஆறு பின் டீ கட்டினார்கள். வருஷத்தில் நாலைந்து நாள்தான் அங்கே ஆள் நிற்கும். மீதி நாளெல்லாம் நாங்கள் அதை வெட்டி, தண்ணீர் விட்டு, உரம் போட்டுக்கொண்டே இருந்தோம். அந்தப் பணத்தில் பாதியைக் கிரீன்களுக்குச் செலவழித்திருக்கலாமே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

கேள்வி (சென்னை): பைன்ஹர்ஸ்டில் அப்படி என்னதான் செய்தார்கள்? விவரமாகச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. நம்பர் 2ஐ உருவாக்கியவர் டொனால்ட் ராஸ். ஸ்காட்லாந்தின் டோர்னக் ஊர்க்காரர். 1907இல் திறந்த மைதானத்தை 1948இல் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். அவர் வீடே மூன்றாவது குழி ஓரத்தில்தான். அந்தப் பகுதி முழுக்க மணல், மேலே பைன் மரம். அகலமான ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல் பாதை), அதைத் தாண்டினால் வெறும் மணல், பைன் ஊசிச் சருகு, அங்கங்கே கொத்துக் கொத்தாக வயர்கிராஸ். கம்பி மாதிரி விறைத்து நிற்கும் புல் அது. மைதானத்தின் குணமே அதில்தான் இருந்தது.

அப்புறம் தெளிப்பு நீர்க்குழாய் வந்தது. தண்ணீர் போன இடமெல்லாம் பச்சை. மைதானம் என்றால் ஓரம்வரை பச்சையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள். 1999, 2005 யு.எஸ். ஓபன்களில் ஃபேர்வே குறுகி, இரண்டு பக்கமும் பெர்முடா புல் ரஃப் (உயரமாக வளரவிட்ட ஓரப் புல்) அடர்ந்து நின்றது. ராஸ் போட்ட மணல் புல்லுக்கு அடியில் போய்விட்டது.

2010இல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூரையும் பென் கிரென்ஷாவையும் கூப்பிட்டார்கள். கூர் இதே மாநிலத்துக்காரர், சிறுவயதில் இந்த மைதானத்தில் ஆடியவர். கிரென்ஷா இரண்டு முறை மாஸ்டர்ஸ் ஜெயித்தவர். அவர்கள் சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்தெடுத்தார்கள். தண்ணீர் தெளிக்கும் தலைகளை 1,150இலிருந்து 450 அளவுக்குக் குறைத்தார்கள். பழைய ஃபேர்வே எங்கே ஓடியது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1943இல் வானத்திலிருந்து எடுத்த படங்கள் கிடைத்தன. அதோடு, ராஸ் காலத்துத் தண்ணீர்க்குழாய் ஃபேர்வே நடுவில் ஒரே வரிசையாகப் புதைந்து கிடந்தது. அந்தக் குழாய்தான் நடுக்கோடு. குழாயிலிருந்து தண்ணீர் எட்டும் தூரம்வரை புல், எட்டாத இடத்தில் மணல். அதையே திரும்பவும் செய்தார்கள். ஓரமாகப் போகப் போகப் புல் தானாகவே மெலிந்து, பழுப்பாகி, மணலில் கரைந்துவிடும். எங்கே ஃபேர்வே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

வயர்கிராஸ் நாற்றுகளை லட்சக் கணக்கில் கையால் நட்டார்கள். ரஃப் என்ற ஒன்றையே எடுத்துவிட்டார்கள். மைதானத்தில் இரண்டே வெட்டு உயரம்: கிரீன் ஒன்று, மீதி எல்லாம் ஒன்று.

கேள்வி (துபாய்): ஃபேர்வேயை அகலமாக்கி, ரஃபையும் எடுத்துவிட்டால் எளிதாகிவிடாதா அண்ணா? குழப்பமாக இருக்கிறது.

நல்ல கேள்வி தம்பி, எனக்கும் முதலில் இதே சந்தேகம்தான். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில் கிரீன். நம்பர் 2இன் கிரீன்கள் ஆமை முதுகு மாதிரி நடுவில் எழும்பி, நாலா பக்கமும் சரியும். பந்து நிற்கக்கூடிய இடம் நாம் பார்க்கும் கிரீனில் பாதிகூட இருக்காது. 2024இல் ஐந்தாவது கிரீன் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு பந்து கிரீனில் விழுந்தது, கைதட்டினோம். பந்து நின்றேவிட்டது போல இருந்தது. அப்புறம் ஒரு சுற்று உருண்டது, இன்னொரு சுற்று. இடது ஓரத்தைத் தொட்டதும் வேகம் பிடித்து, சரிவில் இறங்கி, மணலில் போய் உட்கார்ந்தது. அடித்தவர் அவ்வளவு நேரமும் கையில் ஐயனைப் பிடித்தபடி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட கிரீனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறோம் என்பது முக்கியம். ஃபேர்வே அகலம் என்பதால் இடம் நிறைய இருக்கிறது, ஆனால் சரியான இடம் கொஞ்சம்தான். குழியைக் காட்டும் கொடி வலது ஓரத்தில் இருக்கும் நாளில் ஃபேர்வேயின் தப்பான பாதியில் நிற்பவருக்கு அந்த அகலம் உதவாது.

இரண்டாவது மணல். அடர்ந்த ரஃபுக்குள் பந்து போனால் உலகத்தின் முதல் ஆளும் நூறாவது ஆளும் ஒரே வேலைதான் செய்வார்கள்: வெட்ஜை எடுத்து வெளியே தள்ளுவது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இங்கே மணலில் ஒரு பந்து சுத்தமான தரையில் கிடக்கும், ஒரு சாண் தள்ளி விழுந்தது வயர்கிராஸ் கொத்தின் அடியில் செருகிக் கிடக்கும். போய்ப் பார்க்கும்வரை தெரியாது. தெரிந்த பிறகும், 'அடித்துப் பார்க்கலாமா?' என்று மனசு இழுக்கும். இன்றைய ஆட்டக்காரர் தூரத்துக்குப் பயப்படுவதில்லை. பந்து அடுத்து என்ன செய்யும் என்று தெரியாத இடத்தில்தான் அவர் கை தயங்குகிறது. பந்தின் வேகம், சுழற்சி, பறக்கும் உயரம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து பழகியவர்கள். கணக்குக்குள் வராத ஒன்றைக் கொடுத்தால்தான் அவர்கள் முழுத் திறமையும் வெளியே வரும்.

2024 கடைசிக் குழியை நினைத்துப் பாருங்கள். பிரைசன் டிஷாம்போவின் முதல் அடி இடது பக்க மணல்வெளிக்குப் போனது. மரக்கிளை தலைக்கு மேல், வேர் பக்கத்தில். தாழ்வாக அடித்ததில் பந்து பங்கருக்குள் விழுந்தது. குழிக்கு 55 யார்டு. கோல்ஃபில் இதைவிடக் கஷ்டமான தூரம் குறைவு. அங்கிருந்து நாலடி தூரத்துக்குக் கொண்டுவந்து, அதைப் போட்டு, ரோரி மெக்கில்ராயை ஒரே அடியில் முந்தினார். இடது பக்கம் அடர்ந்த ரஃப் இருந்திருந்தால் அந்த முடிவே வந்திருக்காது.

கேள்வி (மதுரை): அந்த மணல்வெளியெல்லாம் பங்கர் கணக்கா?

இல்லை. பங்கர்கள் தனியாக இருக்கின்றன. வெளி மணலில் அடிக்கு முன் மட்டையைத் தரையில் ஊன்றலாம்.

கேள்வி (டொராண்டோ): 2014இல் மார்ட்டின் கைமர் பாருக்கு 9 குறைவாக அடித்தாரே. அப்படியானால் திருத்தம் தோற்றுவிட்டது என்றுதானே அர்த்தம்?

நான் அப்படிப் பார்க்கவில்லை. கைமர் முதல் இரண்டு நாளும் 65, 65 அடித்து, எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அவரைத் தவிர பாருக்குக் கீழே முடித்தவர்கள் இரண்டே பேர், அதுவும் ஒன்றுதான் குறைவு. கிரீனுக்கு வெளியே சரிவில் கிடந்த பந்தை மற்றவர்கள் வெட்ஜால் தூக்கிப் போட்டுப் போராடும்போது, அவர் புட்டரை எடுத்துத் தரையோடு உருட்டினார். மைதானம் எல்லோரிடமும் கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் கண்டுபிடித்தார், அவ்வளவுதான். அடுத்த வாரமே பெண்கள் யு.எஸ். ஓபனும் அங்கேயே நடந்தது. மிஷெல் வீ ஒருவர்தான் பாருக்குக் கீழே முடித்தார். ஒரே புல்லில் இரண்டு வாரம் அடுத்தடுத்து இரண்டு ஓபன் நடத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி (கொழும்பு): பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் மைதானத்தில் ஆயிரக் கணக்கில் மரங்களை வெட்டினார்களாமே. மரம் இருந்தால்தானே கஷ்டம்?

மரம் பந்தை மறிக்கும், சரி. ஆனால் நிழல் கொடுத்துப் புல்லை மெலியவைக்கும், வேர் தண்ணீரைக் குடிக்கும், காற்றைத் தடுக்கும். காற்றுப் படாத கிரீன் ஈரமாகவே இருக்கும், ஈரமான கிரீனில் பந்து குத்தி நிற்கும். ஓக்மான்ட் 1903இல் தொடங்கியபோது வெட்டவெளி. பிற்பாடு நட்ட மரங்கள்தான் அதைக் காடாக்கின. 1990களில் வெட்டத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் வருவதற்கு முன்னே விடியற்காலையில் வெட்டி, அடையாளம் தெரியாமல் புல் பதித்து மூடினார்கள். மைதானம் எளிதாகிவிடவில்லை. 2025 யு.எஸ். ஓபனில் ஜே.ஜே. ஸ்பான் பாருக்கு ஒன்று மட்டும் குறைவாக அடித்து ஜெயித்தார். அங்கே ரஃப் ஐந்து அங்குலம். எனக்கு அந்த வழி அவ்வளவு பிடிக்காது, ஆனால் அந்த மைதானத்தின் பழைய குணம் அது.

கேள்வி (திருச்சி, வீட்டுத் தோட்டம் போடுபவர்): கிரீன் ஏன் ஆமை முதுகு ஆனது? ராஸ் அப்படித்தான் கட்டினாரா?

கொஞ்சம் அவர் கட்டியது, கொஞ்சம் காலம் கட்டியது அம்மா. 1930களின் நடுப்பகுதிவரை நம்பர் 2இல் கிரீன்கள் புல்லே இல்லாமல் மணல்தான். நம் ஊரில் சில மைதானங்களில் 'பிரவுன்' என்பார்களே, அதே போல. புல் வந்த பிறகு, மேற்பரப்பு சமமாக இருக்க நாங்கள் மெல்லிய மணலை அடிக்கடி தூவுவோம். ஒரு தடவைக்கு ஒன்றுமே தெரியாது. எழுபது வருஷத்தில் மேடாகிவிடும்.

இன்னொன்றும் நடக்கும். வெட்டும் இயந்திரம் ஓரத்தில் திரும்பும்போது ஆள் ஒரு விரற்கடை உள்ளே தள்ளித் திருப்புவார். வருஷக் கணக்கில் கிரீன் சுருங்கி வட்டமாகிவிடும். பழைய விளிம்பைக் கண்டுபிடிக்க நான் மண் எடுக்கும் குழாயை ஒரு அடி ஆழம் குத்தி எடுப்பேன். கிரீனுக்குள் குத்தினால் மணல் அடுக்கடுக்காக, மரத்தின் வளையம் மாதிரி வரும். வெளியே நகர்ந்து நகர்ந்து குத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் அடுக்கு நின்று, வெறும் மண் வரும். அங்கே ஒரு சின்னக் கொடி. இருபது கொடி நட்டதும், நாற்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த கிரீன் கண்ணெதிரே எழுந்து நிற்கும். கொடி வைக்க நல்ல நல்ல மூலைகளெல்லாம் பெரும்பாலும் அந்தத் தொலைந்த ஓரத்தில்தான் இருக்கும்.

கேள்வி (பெங்களூரு): இவ்வளவுக்குப் பதில் பந்தையே குறைவான தூரம் போகும்படி செய்துவிடலாமே?

செய்யத்தான் போகிறார்கள். பந்தைச் சோதிக்கும்போது மட்டை வீசும் வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 மைலாக உயர்த்தப்போவதாக, கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர்&ஏவும் 2023 டிசம்பரில் அறிவித்தன. கூடின வேகத்திலும் பந்து பழைய எல்லையைத் தாண்டக்கூடாது. நான் மனதார வரவேற்கிறேன். ஒரு பந்தை மாற்றுவது ஆயிரம் மைதானத்தைத் தோண்டுவதைவிட மலிவு.

கேள்வி (கொடைக்கானல்): நாங்கள் சின்ன கிளப். வடிவமைப்பாளரைக் கூப்பிடப் பணம் இல்லை. எதில் ஆரம்பிக்கலாம் சார்?

மண்வெட்டியைத் தொடாதீர்கள். முதலில் பழைய புகைப்படங்களைத் தேடுங்கள், மூத்த கேடிகளிடம் (மட்டைப் பை தூக்கி உதவுபவர்கள்) பேசுங்கள். எந்தக் கிரீன் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவர்கள் கால் வைத்தே காட்டுவார்கள். அப்புறம் ஒரே ஒரு கிரீனை எடுத்து, வெட்டும் கோட்டை வாரம் கொஞ்சமாக வெளியே நகர்த்துங்கள். உயரத்தை ஒரேயடியாகக் குறைத்தால் புல் கருகிவிடும், படிப்படியாக இறக்குங்கள். கிரீனைச் சுற்றி ஓரிடத்தில் ரஃபை எடுத்துவிட்டு ஒட்ட வெட்டுங்கள், தப்பாக அடித்த பந்து சரிவில் ஓடட்டும். தண்ணீரையும் ஒரு படி குறையுங்கள். உங்கள் ஊர் மழைக்கு எங்கள் மணல் கதை பொருந்தாது, அதனால் வடிகால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கிரீன் ஓரத்தில் குழாய் குத்தி மண் எடுத்தால், அதை ஒரு வெள்ளைத் துணியில் நீளமாகப் பரப்பிப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுக்கு எங்கே நிற்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.