தங்கைக்கு வரும் வரன்களை ஏன் தட்டிவிடுகிறேன்?

கேள்வி: எனக்கு வயது 31. மூன்று வருடங்களுக்கு முன், பத்திரிகை அடித்த பிறகு என் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம்கூடச் சொல்லவில்லை. இப்போது தங்கைக்கு வரன் பார்க்கிறோம். வருகிற ஒவ்வொரு வரனிலும் ஏதாவது குறை கண்டுபிடித்து நான்தான் தட்டிவிடுகிறேன். போன வாரம் அவள், “அக்கா, உனக்கு நடந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?” என்று கேட்டுவிட்டாள். சுருக்கென்றது. என் தோழி ஒருத்தி சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் படிக்கக் கொடுத்தாள். அதில் வரும் மிஸ் ஹவிஷாமைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நம்பியது உடைந்தால் மனுஷி இப்படித்தான் ஆவாளா? அதே கதையில் பிப் மட்டும் எப்படித் தேறினான்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். நீங்கள் மிஸ் ஹவிஷாம் இல்லை. தங்கையின் ஒரு கேள்வி உங்களுக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாளுக்கு அப்படி உறைக்க 25 வருடங்களுக்கு மேல் ஆனது.

நாவலைப் படிக்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் கதை. டிக்கன்ஸ் தான் நடத்திய வார இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை இதைத் தொடராக எழுதினார். மிஸ் ஹவிஷாம் பெரிய பணக்காரி. கல்யாணத்தன்று மணக்கோலம் பூண்டுகொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை வரமாட்டான் என்று கடிதம் வருகிறது. அப்போது மணி எட்டு நாற்பது. வீட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் அந்த நேரத்திலேயே நிறுத்திவிடுகிறாள். ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பு மேசைமேல். கல்யாண உடை உடம்பிலேயே மஞ்சளாகிப்போகிறது. விருந்து மேசையில் கேக் அழுகிச் சிலந்தி கூடு கட்டுகிறது. பிறகு எஸ்டெல்லா என்ற குழந்தையைத் தத்தெடுத்து, ஆண்களின் மனதை உடைப்பதற்கென்றே வளர்க்கிறாள்.

எல்லாருக்கும் அந்தக் கேக்கும் கடிகாரமும்தான் நினைவில் நிற்கின்றன. நீங்கள் அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு 49ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எஸ்டெல்லா வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் காதலித்த பிப், நொறுங்கிப்போன மனதோடு வருகிறான். அந்தக் கிழவி அவன் காலடியில் விழுந்து, நான் என்ன செய்துவிட்டேன், என்ன செய்துவிட்டேன் என்று அரற்றுகிறாள். தான் ஒருகாலத்தில் பட்ட வேதனையை அவன் முகத்தில் பார்த்துவிட்டாள், அதனால்தான். சற்று நேரத்தில் அவள் உடையில் தீப்பற்றுகிறது. பிப் தன் கோட்டைப் போர்த்தி அணைக்கிறான், அவன் கைகள் வெந்துபோகின்றன. படுக்கையிலும் அவள் மூன்றே வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். முதலாவது, என்ன செய்துவிட்டேன் என்பது. மூன்றாவது, என் பெயருக்குக் கீழே ‘மன்னித்தேன்’ என்று எழுது என்பது. நடுவில் இருப்பதுதான் உங்களுக்கானது: எஸ்டெல்லா என்னிடம் வந்த புதிதில், நான் பட்ட துன்பம் இவளுக்கு வரக் கூடாது, அதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன் என்கிறாள்.

காப்பாற்றத்தான் தொடங்கியிருக்கிறாள்! நீங்களும் தங்கையைக் காப்பாற்றத்தான் வரன்களைத் தட்டிவிடுகிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தங்கைக்கு என்ன ஆசை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. அவளுக்கு வந்த வரன்களில் யாரையாவது பிடித்திருந்ததா? எஸ்டெல்லாவிடமும் யாரும் கேட்கவில்லை. என்னிடம் உனக்குப் பாசமே இல்லையே என்று ஒருநாள் வளர்த்தவள் புலம்பும்போது, நீங்கள் வளர்த்தபடிதானே இருக்கிறேன் என்று அந்தப் பெண் அமைதியாகச் சொல்கிறாள். கல்யாணம் நின்றதைவிட ஹவிஷாமை அதிகம் குலைத்தது அந்தப் பதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, பிப்புக்கு வருவோம். பிப் தேறினான் என்கிறீர்கள். தேறினான்தான், ஆனால் நம்பிக்கை உடைந்த அந்த ராத்திரியில் இல்லை. கொல்லுப்பட்டறையில் வளர்ந்த அநாதைப் பையன் அவன். யாரோ பெயர் சொல்லாமல் பணம் கொடுத்து லண்டனில் கனவானாக்குகிறார்கள். கொடுப்பது மிஸ் ஹவிஷாம்தான், எஸ்டெல்லாவையும் தனக்கே கட்டிவைப்பாள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொள்கிறான். பணத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற வக்கீல் ஜாகர்ஸ் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாளும் அவன் நினைப்பைத் திருத்தவில்லை. இந்தக் கனவில்தான், தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா புருஷன் ஜோ லண்டனுக்குப் பார்க்க வந்தபோது வெட்கப்பட்டு நெளிகிறான். 23 வயதில், மழையும் காற்றுமான ஒரு ராத்திரி, மாக்விட்ச் படியேறி வருகிறான். சின்ன வயதில் பிப் பயந்து பயந்து சாப்பாடும் அரமும் திருடிக் கொடுத்த கைதி. ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்துச் சம்பாதித்து அனுப்பியவன் அவன்தான். ஆயுளுக்கும் நாடு கடத்தப்பட்டவன், திரும்பி வந்தது தெரிந்தால் தூக்கு. தெரிந்தே, வளர்த்துவிட்ட பிள்ளையை ஒருமுறை பார்க்க வந்திருக்கிறான்.

பிப் என்ன செய்கிறான்? அருவருப்பில் சுருங்குகிறான். அந்தக் கை தன்மேல் படுவதையே சகிக்க முடியவில்லை. டிக்கன்ஸ் இதை மறைக்கவே இல்லை. அந்த நேர்மைக்காகவே இந்த நாவல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். முதலில் வந்த உணர்ச்சியை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிடிக்காவிட்டாலும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒளித்துவைக்கிறான், தப்பவைக்க அலைகிறான், தேம்ஸ் நதியில் படகு வலிக்கிறான். பிடிபட்ட பிறகு, அடிபட்டு விலங்கோடு கிடக்கிறவனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதுதான் தெரிகிறது, அருவருப்பு எப்போதோ போய்விட்டது. நான் ஜோவிடம் நடந்துகொண்டதைவிட இவன் என்னிடம் எவ்வளவோ மேல் என்று அப்போது நினைக்கிறான்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? மாக்விட்சின் சொத்து முழுவதும் அரசாங்கத்துக்குப் போகப்போகிறது. பிப்புக்குக் காலணா கிடையாது. அதை அவனிடம் பிப் கடைசிவரை சொல்லவே இல்லை. தன் பிள்ளை பணக்காரனாக வாழ்வான் என்ற நிம்மதியோடு அந்த மனிதன் சாகட்டும் என்று விட்டுவிடுகிறான். தன் நம்பிக்கை நொறுங்கிய ஒருவன் இன்னொருவனின் நம்பிக்கைக்குக் காவல் நிற்கிறான். ஹவிஷாமுக்கும் பிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அது இதுதான்.

அப்புறம் ஜோ. பிப் காய்ச்சலில் கிடக்கும்போது வந்து பார்த்துக்கொண்டு, 123 பவுண்டுக்கு மேல் இருந்த கடனையும் கட்டிவிட்டு, அவன் எழுந்திருக்கும் முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுகிற ஜோ. பிப் தேறியதில் பாதிப் பங்கு அந்த மனிதனுக்கு. அதனால் நீங்களும் தனியாகத் தேற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். புத்தகம் கொடுத்த தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டுங்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தங்கையிடம் இந்த வாரமே பேசுங்கள். “நீ சொன்னது சரி” என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவள் பேசுவாள். தட்டிவிட்ட வரன்களில் அவளுக்குப் பிடித்தது ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால், அந்த வீட்டில் மறுபடி பேச முடியுமா என்று அப்பா அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் மறுத்தால், அதற்கும் அவளிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். இனி வருகிற வரன்களில் வேண்டும், வேண்டாம் என்று சொல்வது அவள் பொறுப்பு. பையனின் வேலை, கடன், பழக்கவழக்கம் எல்லாம் நேரில் போய் விசாரிப்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பட்டவர் என்பதால் எதைக் கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். விசாரித்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், அவளிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.